ஒன்பது இலைக் காப்பிச்செடி

"வாளியைக் கீழ வை" என்று தமிழில்தான் கத்தினேன். வீட்டைக் கூட்டித் துடைக்க வரும் யூசுஃப் பெஷாவர்க்காரன், தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே வைத்திருப்பான்.

அதற்குள் பாதி வாளி போய்விட்டது. ஏழு குடும்பம் நடக்கிற நடையைத் துடைத்த தண்ணீர். சோப்பு நுரை, தலைமயிர்ச் சுருள், அதற்கு மேல் மூக்கை அறுக்கும் பிளீச் வாடை. அதை அவன் தினமும் கொண்டுவந்து கொட்டுவது எங்கள் பின்முற்றத்து மூலையில். அந்த மூலையில் ஒரு செடி நின்றது. அதன் தலையில்தான் கொட்டுவான்.

"க்யா ஹுவா, பாபா?" என்றான்.

"செடி" என்று விரலால் காட்டினேன்.

அவன் செடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "கச்ரா" என்று சொல்லிவிட்டு மீதி வாளியையும் ஊற்றினான்.

குப்பை என்று பொருள். எனக்குத் தெரிந்த இந்திச் சொற்கள் மொத்தம் நாற்பது இருக்கலாம். கல்லூரி நாளில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவன் நான். பிறகும் வைராக்கியமாகக் கற்றுக்கொள்ளாமல் விட்டேன். அந்த நாற்பதில் கச்ராவும் ஒன்றாக இருந்து தொலைத்தது.

ஏழாகப் பிரிந்த வீடு

மகன் ரகு அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினீயர். மருமகள் உமாவின் பிரசவத்துக்கென்று நானும் என் மனைவி கமலமும் போனோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் தங்கும்படி ஆயிற்று.

வில்லா என்று போனில் சொன்னான். மாடி, தோட்டம், ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கார அரபி அந்த வில்லாவை பிளைவுட் தடுப்பு வைத்து ஏழாகக் கூறுபோட்டு ஏழு குடும்பத்துக்கு விட்டிருந்தார். எங்களுக்குக் கிடைத்தது பின்பக்கம். இரண்டு அறை, முன்னொரு காலத்தில் துணி துவைக்கும் இடமாக இருந்த சமையலறை, ஒரு முற்றம், தெருவுக்குத் திறக்கும் இரும்பு கேட். அவ்வளவுதான் தோட்டம்.

முற்றத்தைப் பார்த்து பதினொரு ஏ.சி. பெட்டிகள் அனல் ஊதின. எண்ணிவிட்டேன். எண்ணுவது எனக்கு வியாதி என்பாள் கமலம். வேறு வேலை கொடுக்காவிட்டால் மனிதன் எதைத்தான் செய்வான்? மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். குழந்தை கமலத்தின் மடியில் இருக்கும். நான் தொட்டால் "கை கழுவினீங்களா?" என்பாள். கழுவிவிட்டு வந்தால் "இப்பத்தான் தூங்குது" என்பாள்.

எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. மூடியே கிடக்கும் ஜன்னல் மேல், மாலையில் கூடச் சுடுகிற குழாய்த் தண்ணீர் மேல், எதைச் சொன்னாலும் "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கப்பா" என்கிற ரகுவின் மேல். அவனுக்கு வேலை முடிவது ஆறு மணிக்கு. வீட்டுக்குள் நுழைவது ஏழே காலுக்கு. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"ஏன்டா லேட்டு?"

"பார்க்கிங்" என்பான். அதற்கு மேல் அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நேராகக் குளிக்கப் போய்விடுவான்.

ஆளுக்கொரு பெயர்

அந்தச் செடியை யார் வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன் இருந்தவர்களோ, அவர்களுக்கும் முன் இருந்தவர்களோ வைத்திருக்கலாம். அந்த ஊரில் அப்படித்தான். வேலை முடிந்து விசாவில் 'ஃபைனல் எக்ஸிட்' அடித்ததும் பெட்டி கட்டுவார்கள். கிரைண்டர் வரும், டிவி வரும், மெத்தை கூட வரும். செடி வராது. தொட்டியோடு, மண்ணோடு, அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறுவார்கள். அடுத்து வருகிறவர்கள் அதில் சிகரெட் அணைப்பார்கள்.

முழங்கால் உயரம்தான் இருந்தது. அடியிலிருந்து ஐந்து குச்சிகள். அதில் மூன்று பட்டுப்போனவை. மொத்தம் ஒன்பது இலை. ஒன்பதும் மஞ்சள், ஆனால் நரம்பு மட்டும் பச்சை. யாரோ மஞ்சள் காகிதத்தில் பச்சை மையால் ஆறுகளை வரைந்தது போல. நுனியெல்லாம் தீய்ந்திருந்தது.

"வீட்-ப்பா அது, ஏதோ களை. புடுங்கிப் போடச் சொல்றேன்" என்றான் ரகு.

"ஏதோ ஷோ பிளாண்ட், மாமா" என்றாள் உமா.

முன்பக்கத்தில் இருந்த நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுக் கொய்யா என்று அடித்துச் சொன்னார். கொய்யா இலையை அவர் எங்கே பார்த்தாரோ.

கமலம் மட்டும் குனிந்து இலையைத் தடவிப் பார்த்தாள். "இட்லிப்பூவா இருக்குமோங்க?"

"பூ எங்க?"

"சாகக் கெடக்கற செடி பூக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே, தண்டோடு ஒட்டி, முள் மாதிரி ஒரு சின்னச் செதில். அதை நான் முப்பத்தோரு வருஷம் பார்த்திருக்கிறேன்.

காப்பிச்செடி.

இரண்டே பத்தி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கராக இருந்தது தெரியும். அங்கே மழை முடிந்ததும் செடி எண்ணுவோம். வரிசை வரிசையாக ஏறி இறங்கி, எத்தனை நிற்கிறது, எத்தனை போயிற்று என்று கணக்கு எடுக்க வேண்டும்.

கணக்கில் இரண்டே பத்திதான். உயிரோடு இருப்பது ஒன்று. செத்தது ஒன்று.

"நோஞ்சானா நிக்கறதை எதுல போடறதுங்க?" என்று புதிதில் மானேஜரிடம் கேட்டேன்.

"செத்ததுல போடு. அதை வெச்சு மாரடிக்கறதுக்குப் புதுசு நட்டுட்டுப் போலாம்."

போட்டேன். நான் செத்தது என்று எழுதியவற்றில் சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். பின்னாலேயே ஆட்கள் வந்து தோண்டினார்கள். அப்படித் தோண்டிப் போட்ட ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அடிக்கட்டையில் பச்சையாக ஒரு துளிர். இரண்டு இலை. மானேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீ எண்ணறதுக்குத்தான் ஆளு, வைத்தியத்துக்கு இல்ல" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த மானேஜர் போய்ச் சேர்ந்து நாளாகிறது. கோபம் மட்டும் எடுத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கிறது.

அபுதாபியில் அந்த மூலையில் குந்தியிருந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. இந்த முறை எண்ணுகிறவனும் நான், வைத்தியனும் நான். யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

மண்ணே இல்லாத மண்

வைத்தியம் செய்ய முதலில் மண் வேண்டும். அங்கே இருந்தது மண்ணே இல்லை. வெள்ளை மணல், அதில் கிளிஞ்சல் துண்டு. ஒரு அடி தோண்டினால் வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கட்டி, டைல்ஸ் உடைசல், வளைந்த கம்பி. ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு, சமையலறை வினிகரை ஒரு கரண்டி ஊற்றினேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கியது.

"சாப்பிடற தட்டுல என்னங்க பண்றீங்க?" என்றாள் கமலம்.

"சுண்ணாம்பு" என்றேன். "முழுக்கச் சுண்ணாம்பு. இதுல இரும்புச் சத்து இருந்தாலும் வேர் எடுத்துக்க முடியாது. அதான் மஞ்சள். எஸ்டேட்லயும் சுண்ணாம்பு தூக்கலாப் போட்ட எடத்துல இப்படித்தான் ஆகும்."

"தட்டைக் கழுவி வைங்க."

தோண்ட ஆரம்பித்தேன். ஆழத் தோண்டிப் பயனில்லை, அடியில் உப்பு. அதனால் செடியைச் சுற்றி அகலமாகத் தோண்டி, வேரோடு ஒட்டியிருந்த மண் உருண்டை கலையாமல் சாக்கில் கட்டித் தூக்கி, தரைக்கு மேலே மேடு கட்டி வைக்க முடிவு செய்தேன். எஸ்டேட்டில் நாற்றை இடம் மாற்றுவது அப்படித்தான். ரகுவின் சைட்டிலிருந்து ஹாலோ பிளாக் கேட்டேன். "எத்தனை?" என்றான். பதினெட்டு என்றேன். பத்து கொண்டுவந்தான். அதற்கு ஒரு சண்டை.

மேட்டுக்கு மண் துறைமுகத்துப் பக்கம் செடிக்கடையில் பாக்கெட்டாக விற்றது. கறுப்பாக, புளிப்பு வாசனையோடு. இரும்புக்கென்று ஒரு சிவப்புப் பொடியும் கொடுத்தார்கள். பட்ட குச்சிகளை வெட்டிக் கவாத்து செய்தேன். தண்ணீருக்கு, பதினொரு ஏ.சி.யும் சொட்டுகிற நீரைக் குழாய் போட்டுப் பிடித்தேன். அந்த ஊரில் உப்பில்லாமல் இலவசமாகக் கிடைக்கும் தண்ணீர் அது ஒன்றுதான். அதையும் எல்லோரும் சாக்கடைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேயிலைச் சக்கை நல்லது என்று தெருமூலைக் கஃபெட்டீரியாவில் கேட்டு வாங்கிவந்து போட்டேன். அவர்கள் பாலும் சர்க்கரையும் சேர்த்தே கொதிக்க வைக்கிறவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை மேடு முழுக்க எறும்பு. அங்கிருந்து வரிசை கட்டிச் சமையலறைக்குள், குழந்தையின் பால் டப்பாவரை. உமா வந்தாள். டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சக்கையை மூன்று தண்ணீர் கழுவிப் போட்டேன்.

யூசுஃப் மட்டும் மாறவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்று ஊற்ற முடியாதே என்று, எட்டி நின்று வீசி ஊற்றினான்.

கஹ்வா

ஒரு காலை கேட்டைத் திறந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் அளவு டேப். முற்றத்தில் நாலு இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டான். ஒரு குறி என் மேட்டின் மேல் விழுந்தது.

கார் ஷெட் போடப் போகிறார்கள் என்று யூசுஃப் கையால் காரோட்டிக் காட்டினான். "அர்பாப் போலா." முதலாளி சொல்லிவிட்டாராம்.

நான் மேட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கவில்லை. டேப்காரன் போன் செய்தான். சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வீட்டுக்காரரே வந்தார். அபு ஸயீத். என் வயது இருக்கும். வெள்ளை அங்கி, கைத்தடி. இளம் வயதில் பம்பாயில் பேரீச்சை வியாபாரம் செய்தவராம். இந்தி அருவியாகக் கொட்டியது. இந்தியாவிலிருந்து வந்த நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அதற்கும் கோபம் வந்தது.

"காப்பி" என்று செடியைக் காட்டினேன். புரியவில்லை. கப் எடுத்துக் குடிப்பது போலச் செய்தேன். பிறகு அவர்கள் சொல் நினைவுக்கு வந்தது. "கஹ்வா."

"கஹ்வா?" என்றார். "யே?"

கைத்தடியை யூசுஃபிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அப்போது இருபத்தாறு இலை வந்திருந்தது. புதியவை மஞ்சள் விட்டுப் பச்சையாகியிருந்தன. ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் காதைப் பிடிப்பது போலப் பிடித்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் குடிக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொன்னதாக, பிறகு உமா யூசுஃபிடம் கேட்டு விளக்கினாள்.

டேப்காரனைப் பார்த்து "கலாஸ்" என்றார், போதும் என்று. காய் காய்க்கும்வரை ஷெட் வேண்டாம். யூசுஃபிடம் வேறு ஏதோ சொன்னார். மறுநாளிலிருந்து பிளீச் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போயிற்று.

அன்று மாலை ரகுவிடம் நடந்ததைச் சொன்னேன். வெற்றிக் களிப்பில் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "சரிப்பா" என்று குளிக்கப் போனான். இவனுக்கு எதிலும் அக்கறை இல்லை என்று கமலத்திடம் திட்டினேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அபு ஸயீத் வர ஆரம்பித்தார். ஒரு தட்டுப் பேரீச்சை வரும். நாங்கள் இருவரும் செடியைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். பேச மொழி இல்லை. நான் விரல்களால் இலை எண்ணிக்கையைக் காட்டுவேன். அவர் தலையாட்டுவார். ஒருமுறை சொந்தக்காரர்களை அழைத்துவந்து காட்டினார். ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

சிவப்பு

சந்தேகம் வந்திருக்க வேண்டும். புது இலைகளுக்குக் காம்பே இல்லை, தண்டைக் கட்டிப்பிடித்தாற்போல் இருந்தன. காப்பி இலைக்குக் காம்பு உண்டு. பட்டினி கிடந்த செடி, அதனால் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பி நடுத்தண்டிலிருந்து படுக்கையாகக் கிளை விடும். இது அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பியது. எவனோ முன்பு வெட்டியிருக்கிறான் என்றேன். முப்பத்தோரு வருஷ அனுபவம் இருந்தால் எதற்கும் ஒரு காரணம் சொல்லலாம்.

குளிர் முடிகிற நேரத்தில் கிளை நுனிகளில் மொட்டு வந்தது. காப்பி நுனியில் பூக்காது, இலைக் கக்கத்தில் பூக்கும். ஊசி ஊசியாக, கற்றையாக, எட்டுக் கொத்து. சில நாள் பச்சையாகவே இருந்து என்னை ஏமாற்றின. பிறகு ஒரு காலை நுனி சிவந்தது.

காப்பிப் பூ வெள்ளை.

கமலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நுனியைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "உங்க காப்பி பூத்துருச்சு. டிபனுக்கு இன்னிக்கு இட்லிதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை அபு ஸயீத் ஆட்களோடு வருவார். காப்பி என்பதால்தான் ஷெட் நின்றது. இட்லிப்பூவென்றால் சாக்பீஸ்காரன் திரும்ப வருவான்.

"சொல்லாம விட்டா என்ன?" என்றாள் கமலம். "இங்க ஒருத்தரும் காப்பிச்செடியப் பார்த்ததில்லையே."

"நான் பார்த்திருக்கேனே."

"அதான் பார்த்தோமே" என்றாள்.

அன்றே உமாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உமா பூனாவில் படித்தவள், இந்தி சரளம். கம்பளம் விரித்த கூடத்தில் தனியாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட கஹ்வா வந்தது. குடிக்காமல் கீழே வைத்தேன். நான் சொன்னதை உமா வரி வரியாகச் சொன்னாள். இது காப்பி இல்லை. எங்கள் ஊரில் சாமிக்கு வைக்கும் பூ. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் உயிரோடு இருக்கிறது. வெட்ட வேண்டாம்.

அவர் முகம் சுருங்கியது. "கஹ்வா மாஃபி?" காப்பி இல்லையா என்று என்னையே கேட்டார்.

"மாஃபி" என்றேன்.

டிவியை அணைத்தார். எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே என்பது போலக் கையை விரித்தார். பிறகு உமாவைப் பார்த்து நீளமாகப் பேசினார். கோபமாகப் பேசவில்லை. உமா கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றார்?"

"ஷெட் விஷயம் நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்கன்னு சொல்றார், மாமா."

"யாரோட பேசி?"

உமா கம்பளத்தைப் பார்த்தாள். எனக்கு நாற்பது சொல் தெரியும் என்றேனே. அவர் பேசியதில் 'பேட்டா' இரண்டு முறை வந்தது. 'காடி' மூன்று முறை. மகன். வண்டி.

"ரகுவா கேட்டான்?"

"ரெண்டு தடவை கேட்டாராம், மாமா. நீங்க வர்றதுக்கு முன்னால இருந்தே. இவருக்கு ஷெட் போடவே இஷ்டமில்லையாம். உங்க பையனுக்காகத்தான் ஒத்துக்கிட்டாராம்."

டேப்

ஏழே காலுக்கு ரகு வந்தான். ஷூவைக் கழற்ற விடவில்லை.

"வீட்டுல பக்கத்துல உக்காந்து சாப்பிடறவன்கிட்ட சொல்லலை. அடுத்த வீட்டு அரபிகிட்ட போய்க் கேட்டிருக்கே. நான் நாற்காலியப் போட்டு உக்காந்தது யார எதிர்த்துன்னு எனக்கே தெரியாது. உனக்குத் தெரியும். 'சரிப்பா'ன்னுட்டுக் குளிக்கப் போனே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இப்பப் பண்றதத்தான் பண்ணியிருப்பீங்க."

"கேட்டிருக்கலாம்ல."

"நீங்க கேட்டீங்களாப்பா?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் வண்டிய எங்க விடறேன்னு தெரியுமா? தெருத்தெருவா எடம் தேடிட்டு, கடைசில பள்ளிவாசல் தாண்டி மணல் கிரவுண்டு. அங்கருந்து நடந்து வர்றேன். ஆகஸ்டு மாசமும் நடந்துதான் வந்தேன். போன மாசம் பாப்பாவுக்கு ஜுரம் ஏறினப்ப உமா தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் நடந்தா. நான் ஓடிப் போய் வண்டிய எடுத்துட்டு வர்றதுக்குள்ள பாதி தூரம் வந்துட்டா. உங்களுக்கு அது தெரியாது. இலை எத்தனைன்னு தெரியும்."

குழந்தைக்கு ஜுரம் என்பதே எனக்கு மறுநாள்தான் தெரியும். நடந்து போனார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் மனிதன் கையில் அகப்பட்டதை எடுப்பான். நான் மண்வெட்டியை எடுத்தேன். "சரி, நானே வெட்டிடறேன். வண்டிய உள்ள விடு."

"அப்பா, வெட்டச் சொன்னேனா?"

"பத்து பிளாக் குடுத்தியே, அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

சமையலறை வாசலிலிருந்து கமலத்தின் குரல் வந்தது. "மண்வெட்டிய வெச்சுட்டு மொதல்ல அளங்க. ஊருல இருக்கற ஏ.சி.ய எல்லாம் எண்ணினீங்க. வண்டிக்கு எவ்வளவு எடம் வேணும்னு ஒருத்தராவது அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அவன் எஞ்சினீயர், நான் கணக்கர், இரண்டு பேரும் அளக்கவில்லை.

ரகு பையிலிருந்து சைட் டேப்பை எடுத்தான். ஒரு முனை அவனிடம், மறுமுனை என்னிடம்.

"இறுக்கிப் புடிங்கப்பா, தொங்குது."

"உன் பக்கந்தான் தொங்குது."

சுவரிலிருந்து மேடுவரை அளந்தோம். பிறகு அவன் போய் வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்த, வண்டியின் அகலத்தை அளந்தோம். கதவு திறக்கும் அளவையும் சேர்த்தால் ஒரு சாண் குறைந்தது. ஒரே ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காகத்தான் அத்தனை நாள்.

மேட்டில் ஒரு வரிசை பிளாக்கை எடுத்துவிடலாம் என்றேன். சொல்லும்போதே வேர் அந்தப் பக்கம் ஓடியிருப்பது தெரியும். ரகு மேட்டைப் பார்த்தான். சிவந்த நுனிகளைப் பார்த்தான்.

"வேணாம்பா. செடிப் பக்கத்துக் கதவத் தெறக்காம விட்டாப் போச்சு. நான் அந்தப் பக்கமா எறங்கிக்கறேன்."

"ஸ்டியரிங் செடிப் பக்கமில்ல இருக்கு?"

"தெரியும்பா. ஓட்டறவன் நாந்தானே."

"ரிவர்ஸுல விட்டா?"

"புகை பாப்பா தூங்கற ஜன்னலுக்குள்ள போகும்."

சுற்றுச்சுவர்ப் பக்கம் மட்டும் கால் நட்டு, மேட்டின் மேல் நிழல் விழாமல் ஷெட் போட்டார்கள். அன்றிலிருந்து என் மகன் தினமும் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தான். வண்டி உள்ளே நுழையும். பக்கக் கண்ணாடி மடங்கும். பிறகு ஐந்தடி பத்தங்குல எஞ்சினீயர் ஒருவன் கியர் கம்பியின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, அடுத்த இருக்கைக்கு நகர்ந்து, அந்தப் பக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து இறங்குவான். முதல் நாள் பேண்ட் கிழிந்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அபு ஸயீத் தனியாக வந்தார். பூத்த கொத்துகளைப் பார்த்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் ஒன்றைக் கிள்ளிப் பையில் செருகிக்கொண்டு போனார். எட்டு ஏழாயிற்று. அந்தக் கோபம் தனி.

எண்ணிக்கை

நாங்கள் சேலத்துக்குத் திரும்பிய பிறகு வாரம் ஒருமுறை ரகு போன் செய்வான். போன் அட்டை வாங்கிச் சுரண்டி, எண்களை அடித்து, நடுவில் ஒரு பெண் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று சொல்லி, பிறகுதான் அவன் குரல் வரும். நான் முதலில் கேட்பது யூசுஃப் வாளியை எங்கே ஊற்றுகிறான் என்பதை.

"டிரெய்னேஜ்லதான்பா."

பிறகு என் ரத்த அழுத்தத்தைக் கேட்பதற்கு முன், கமலத்தைக் கேட்பதற்கு முன், நான் கேட்காமலே பூ எத்தனை கொத்து என்று ஒரு எண்ணைச் சொல்வான். முதல் வாரம் ஒன்பது என்றான். அதற்கடுத்து பத்து. கோடையில் பச்சை வலை கட்டினானாம். எத்தனை முழம் என்று கேட்டேன், சொன்னான்.

ஒருநாள், "பதினாலுப்பா" என்றான்.

"மொட்டையும் சேர்த்தா, சேர்க்காமயா?"

அவன் வாய் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டேன்.

"இந்தப் பக்கம் மட்டும் நின்னு எண்ணியிருப்பே. வண்டி நிக்கற பக்கம் பார்த்தியா?"

"இருங்கப்பா" என்றான்.

போனைக் கையில் பிடித்தபடி வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கார்க் கதவு திறந்தது. அவன் முனகிக்கொண்டே இருக்கை மேல் தவழ்ந்து போவது கேட்டது. எஞ்சின் கிளம்பியது. அந்தப் பக்கம் போய் எண்ண வேண்டுமானால் வண்டியைப் பின்னால் எடுத்தாக வேண்டும்.

"நேரமாகுதே, அட்டை தீர்ந்துருமே" என்றாள் கமலம், பக்கத்திலிருந்து.

தீரட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.